அம்மாவின் லேகியமும் ஒரு பட்டன் பேட்டரியும்

போன தீபாவளிக்கு அப்பா சென்னைக்கு வந்திருந்தார். அம்மா இல்லாத மூன்றாவது தீபாவளி. முறுக்கு, ரிப்பன் பக்கோடா எல்லாம் ஒரு வழியாக ஒப்பேற்றிவிட்டேன். மாட்டிக்கொண்டது லேகியத்தில்தான்.

சுக்கு, மிளகு, கண்டதிப்பிலி, ஓமம், சித்தரத்தை, தனியா, வெல்லம், நெய், நல்லெண்ணெய். சாமான்கள் தெரியும். அளவு தெரியாது. அம்மா கிளறும்போது பக்கத்தில் நின்று விரலால் வழித்துத் தின்றிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. உங்கம்மா சொல்லச் சொல்ல நான் அடிச்சு வச்சிருக்கேன். ஊருக்குப் போனதும் பாத்துச் சொல்றேன்" என்றார் அப்பா.

அந்த வருடம் நாட்டு மருந்துக் கடை டப்பா லேகியத்தோடு தீபாவளி முடிந்தது.

அப்பா கும்பகோணத்துக்குத் திரும்பிய மறுநாளே போன். "ஏம்மா, கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது. நீலமா ஒரு தடவை மின்னிட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. காலையிலேர்ந்து இதே கதைதான்."

அந்த கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா தபால் துறையில் 36 வருடம் இருந்தவர். தமிழ் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போக வேண்டுமே என்று 2012-ல் உள்ளூர்க் கடையில் சொல்லிச் சேர்த்து வாங்கியது. ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. பழைய டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்படி ஒரு தமிழ் மென்பொருளையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதனால் 60 வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாலும், அப்பாவின் விரல்களுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

மத்தியான வேளைகளில் அம்மா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு சமையல் குறிப்பு சொல்வாள். அப்பா அடிப்பார். கும்பகோணம் கடப்பாவில் ஆரம்பித்து நார்த்தங்காய் ஊறுகாய் வரை, ஐந்தாறு வருடத்தில் 112 குறிப்புகள் சேர்ந்திருந்தன. வேறு பிரதி கிடையாது.

உள்ளூரில் ஒரு பையன் வந்து பார்த்துவிட்டு, "ஓஎஸ் போயிடுச்சு சார், பார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறான். "என் பொண்ணு வரட்டும்" என்று அப்பா அனுப்பிவிட்டார். ஆபீஸில் நாலைந்து கம்ப்யூட்டருக்கு நானே விண்டோஸ் போட்டிருக்கிறேன் என்று எப்போதோ பெருமை அடித்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

நானும் கம்பீரமாகத்தான் கிளம்பினேன். விண்டோஸ் 11 அந்தப் பழைய மெஷினில் ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அப்பாவுடையது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, அதாவது தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால்தான், முடிந்திருந்தது. இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நாள் ஓடட்டும் என்று அதையே ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

"அப்பா, முக்கியமான ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" கிளம்பும் முன் போனில் கேட்டேன்.

"எல்லாம் உள்ளதாம்மா இருக்கு" என்றார்.

அந்தப் பதிலிலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். விண்டோஸ் நிறுவும் திரை வந்தது. மொழி, நேரம் எல்லாம் கேட்டது. பிறகு எந்தப் பகுதியில் நிறுவ வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டியது. மூன்று வரிகள். 100 எம்பியில் ஒரு துண்டு, 100 ஜிபியில் ஒன்று, மீதியெல்லாம் சேர்த்து ஒன்று. நடுவில் இருப்பது சி டிரைவ். அதைப் பார்மட் செய்து அங்கேயே போட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

நடுவரியைத் தொட்டதும் கீழே ஒரு மஞ்சள் எச்சரிக்கை. இந்த டிஸ்கில் விண்டோஸ் நிறுவ முடியாது; டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது, ஜிபிடி முறையில் இருந்தால்தான் முடியும் என்று அர்த்தம் வரும் ஒரு வாக்கியம். அடுத்து போகும் பொத்தான் மங்கிக் கிடந்தது.

போனை எடுத்துத் தேடினேன். முதலில் வந்த காணொளியில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: "ரொம்ப சிம்பிள். எல்லா பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணிடுங்க, தானா சரியாயிடும்." அடுத்த காணொளியிலும் அதே மருந்துதான்.

எல்லாவற்றையும் என்றால் டி டிரைவும் போய்விடும். அங்கேதான் முதல் முறையாகக் கை நின்றது. அதையாவது வேறு வழியில் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தபடி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் திரும்பினேன்.

"அம்மா குறிப்பெல்லாம் எங்கே சேவ் பண்ணுவீங்க? எப்படித் திறப்பீங்கன்னு சொல்லுங்க."

"எங்கேன்னா... கம்ப்யூட்டரைத் திறந்ததும் முன்னாடியே இருக்குமே. மேஜை மேல வச்ச மாதிரி. பக்கத்துல உங்கம்மா போட்டோகூட ஒண்ணு இருக்கும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. திறந்ததும் முன்னாடி தெரிவது டெஸ்க்டாப். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் பொதுவாகச் சி டிரைவுக்குள்தான் போய் உட்காரும். நான் யோசிக்காமல் பார்மட் செய்ய இருந்த அதே நடுவரி.

அந்த மஞ்சள் எச்சரிக்கை மட்டும் வராமல் இருந்திருந்தால்? நிறுவுதல் ஒழுங்காக ஆரம்பித்திருக்கும். நான் காபி குடித்துக்கொண்டு சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 112 குறிப்பும் போயிருக்கும்.

மெஷினை அணைத்தேன். கை லேசாக நடுங்கியது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து மறுபடி இயக்கி பயாஸ் திரையைத் திறந்து வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனேன். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுல தேதி தப்பா இருக்கே. 2012 ஜனவரின்னு காட்டுது."

"அது கிடக்கட்டும்ப்பா."

"அதெப்படிக் கிடக்கட்டும்? தபாலாபீஸ்ல காலையில வந்ததும் முதல் வேலையே முத்திரையில தேதி மாத்தி, நோட்டுல ஒரு குத்து குத்திப் பாக்கறதுதான். தேதி தப்பாச்சுன்னா அன்னிக்கு வந்த தபால் அத்தனையும் தப்பு."

டம்ளரோடு வந்து பார்த்தேன். 2012 ஜனவரி 1. மத்தியானம் இதே திரைக்குள் போய் வந்தவள் நான். கண்ணில் படவே இல்லை.

"அப்பா, முதல் முதல்ல இது மக்கர் பண்ணினது எப்போ? நடந்ததை அப்படியே சொல்லுங்க."

"மெட்ராஸுக்குக் கிளம்பறப்ப இடி மின்னலா இருந்துது. எதுக்கு வம்புன்னு பிளக்கைப் பிடுங்கி வச்சுட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு வந்து போட்டதும் ஏதோ கீயை அழுத்தச் சொல்லிச்சு. அழுத்தினேன். அப்புறம் நீலம்தான்."

"இதை ஏன்ப்பா முதல்லயே சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா."

அதற்கு மேல் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடவும், பயாஸில் செய்து வைத்த அமைப்புகள் மறந்துபோகாமல் இருக்கவும் அதுதான் துணை. பிளக் செருகி ஸ்விட்ச் போட்டபடி இருந்தால், மெஷின் அணைந்திருந்தாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். அதனால் பேட்டரி செத்துப்போனது வெளியே தெரியாது. அப்பா அதுவரை ஸ்விட்சை அணைத்ததே இல்லை. முதல் முறையாகப் பத்து நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்ததும், மெஷின் தேதியை மறந்தது. தேதியோடு மற்ற அமைப்புகளையும் மறந்து, பிறந்த அன்றிருந்த நிலைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு கைக்கடிகாரக் கடையில் அந்தப் பேட்டரி கிடைத்தது. 40 ரூபாய்.

பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே 13 வருடத் தூசி. கையில் இருக்கும் நிலைமின்சாரம் போவதற்காகப் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, ஓரத்து கொக்கியைத் தள்ளியதும் பழைய பேட்டரி துள்ளி வந்தது. கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதை அழுத்தினேன். பயாஸில் தேதியைச் சரியாக வைத்தேன். அப்பா ஒருமுறை காலண்டரைப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டார்.

இயக்கினேன். மறுபடியும் நீலம். மறுபடியும் முதலிலிருந்து.

பேட்டரி இனிமேல் மறக்காமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே மறந்ததை நாம்தான் சொல்லித்தர வேண்டும். ஆனால் எதை மறந்தது?

அந்த நீலத் திரையில் ஏதோ எழுதியிருக்கிறது. ஆனால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. போன் கேமராவில் வீடியோ எடுத்து, அந்த ஒரு நொடியில் நிறுத்திப் பார்த்தேன். நீளமான எண். முடிவில் 7பி. தேடினால், விண்டோஸ் தான் குடியிருக்கும் டிஸ்கையே எட்ட முடியாமல் தவிக்கும்போது வரும் எண் அது. காரணங்களில் ஒன்றாகச் சொல்லியிருந்தது, ஹார்டு டிஸ்க் இணைப்பு முறை மாறிப்போவது.

பயாஸில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஐடிஇ, ஏஹெச்சிஐ என்று இரண்டு முறைகள் இருந்தன. இப்போது இருப்பது ஐடிஇ. 2012-ல் கடைக்காரர் ஏஹெச்சிஐ முறையில் வைத்து விண்டோஸ் போட்டிருக்க வேண்டும். அமைப்பு பழையபடி ஐடிஇக்குத் திரும்பியதும், விண்டோஸால் தன் டிஸ்கை அடைய முடியவில்லை.

"வீடு அதேதான்ப்பா. கதவு நம்பரை மாத்திட்டாங்க. தபால்காரர் தெருவுல நின்னு முழிக்கறார்" என்றேன்.

"பழைய நம்பரைப் போடு, தன்னால வந்து குடுப்பார்" என்றார் அப்பா.

ஏஹெச்சிஐ என்று மாற்றிச் சேமித்துவிட்டு வெளியே வந்தேன். கறுப்புத் திரை. விண்டோஸ் கொடி. ஒரு நிமிடம் போல இழுத்தடித்தது. பிறகு அந்தப் பழைய வரவேற்பு இசை. டெஸ்க்டாப் விரிந்தது. அம்மா போட்டோவும், அதற்குப் பக்கத்தில் 'சமையல்' என்ற கோப்பும் இருந்தன.

ராத்திரி ஒன்பது மணி. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பின்னால் நிதானமாகப் படித்தபோது அந்த மஞ்சள் எச்சரிக்கைக்கும் விடை கிடைத்தது. தொடங்கும் பட்டியலில் என் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்று வெறும் பெயர். முதலாவதில் நுழைந்தால் ஜிபிடி முறை டிஸ்க்தான் கேட்கும். இரண்டாவதில் நுழைந்திருந்தால் பழைய டிஸ்கையே ஏற்றுக்கொண்டிருக்கும். ஒரு பகுதியையும் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைவிட முக்கியம், விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதல் வேலையாகக் கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, என் லேப்டாப்பில் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கன்னாபின்னாவென்று ஏதோ இருந்தது. தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை.

கோப்பு கெடவில்லை. எழுத்துருதான் என் லேப்டாப்பில் இல்லை. யூனிகோடு பரவலாகும் முன்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களை வைத்துத்தான் எழுத்துருக்களைச் செய்தார்கள். அதிலும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்ற பொது முறைகள் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பாவைப் போல டைப்ரைட்டர் பழக்கத்தில் இருந்தவர்கள் பலர் பழைய எழுத்துருக்களிலேயே தொடர்ந்தார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில்தான் அது தமிழ். மற்ற இடத்தில் வெறும் குறி.

அதாவது, நான் எப்படியாவது கோப்பை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பார்மட் செய்திருந்தாலும், எழுத்துரு அதோடு போயிருக்கும். அதன் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியாது. "தமிழ்னுதாம்மா செலக்ட் பண்ணுவேன்" என்றார்.

பழைய மெஷினின் எழுத்துரு அடைவிலிருந்து அந்தக் கோப்பையும் எடுத்து வந்து லேப்டாப்பில் போட்டேன். குறிகள் தமிழாக மாறின. பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியோடு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். கால், அரை, முக்கால் அளவுகள் சில இடங்களில் சிதறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா பழைய திரையைப் பார்த்து வாசிக்க, நான் திருத்தினேன்.

அப்போதுதான் அந்தக் குறிப்புகளை முழுதாகப் படித்தேன். அப்பா சமையல் குறிப்பா எழுதியிருக்கிறார்? தந்தி வாசகம் மாதிரி, அம்மா சொன்னதைச் சொன்னபடி ஒரு சொல் விடாமல் அடித்திருக்கிறார். வத்தக்குழம்புக்கு நடுவில், "இருங்க, பால் பொங்கறது, வந்து சொல்றேன்." ஊறுகாயின் கடைசியில், "உப்பு இவ்வளவு வேண்டாம், உங்களுக்கு பிரஷர் இருக்கு." லேகியத்தில், "இது அவளுக்குப் பிடிக்கும், பாகு முத்தறதுக்கு முன்னாடியே வழிச்சுத் தின்னுடுவா."

"இதையெல்லாம் ஏன்ப்பா அடிச்சீங்க?"

"அவ சொன்னா, அடிச்சேன். எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்றது என் வேலை இல்லையே."

இப்போது அந்தக் கோப்பு என் போனில் இருக்கிறது, தம்பி போனில் இருக்கிறது, ஒரு பென் டிரைவில் பீரோவுக்குள்ளும் இருக்கிறது. அப்பாவின் மெஷினில் விண்டோஸ் 7-ஐயே விட்டுவிட்டேன். 2020 ஜனவரியோடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டதால், இணைய இணைப்பை மட்டும் எடுத்துவிட்டேன். செய்தி பார்க்க அவருக்கு போன் இருக்கிறது. அடிப்பதற்கு அந்த மெஷின் போதும். பழைய மெஷினில் இணையமும் வேண்டும் என்பவர்கள், லினக்ஸில் இலகுவான ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கம்ப்யூட்டர் மூலையில் இருக்கலாம். அது ஒரு நாள் திறக்கவில்லை என்றால், பார்மட் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கும் முன் பயாஸில் தேதியைப் பாருங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்காமல், எப்படித் திறப்பீர்கள் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு டிரைவ் பெயர் தெரியாது, கை போகும் வழி தெரியும். திறக்காத விண்டோஸைத் தாண்டி உள்ளே பார்க்க, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் உதவும். கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம். பழைய தமிழ்க் கோப்பு என்றால் எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் இன்றைக்கு, மெஷின் நன்றாக ஓடும்போதே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேகியம் கிளறினேன். அம்மா சொன்ன அளவு, அம்மா சொன்ன பதம். வழித்துத் தின்றது இந்த முறை என் மகள்.

அப்பாவுக்கு ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் குண்டு குண்டுக் கையெழுத்தில், பேட்டரி மாற்றிய தேதி. அதற்குக் கீழே, "ஊருக்குப் போய் வந்தால் முதலில் தேதி பார்க்கவும்."